கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் 3 கெல்வின்னு வருது, எங்க தப்பு?

தூக்கமில்லா_பிளஸ்1: நாளைக்கு டெஸ்ட்டு, யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ். வாண்டர்வால்ஸ் கேஸ் ஈக்குவேஷன்ல டிசி (கிரிட்டிக்கல் டெம்பரேச்சர், அதுக்கு மேல எவ்வளவு அமுக்கினாலும் கேஸ் லிக்விட் ஆகாது) = 8ஏ/27ஆர்பி தானே, ஏ, பி கேஸுக்கு கேஸ் மாறுற எண், ஆர் கேஸ் கான்ஸ்டன்ட், போட்டா 3.04 வருது, கால்குலேட்டர் தான் போச்சோன்னு ஃபோன்லயும் போட்டுப் பாத்துட்டேன் அதே தான்

மீன்குழம்பு: ஹீலியமா? அதுக்கே 5.2 தான், கிட்ட வந்துட்ட போ

ரிட்டயர்டு_வாத்தி: என்ன கேஸ்னு இல்ல, ஏ, பி எவ்வளவுன்னு இல்ல, ஆர் என்ன போட்டேன்னு இல்ல. நாங்க சோழி உருட்டியா பாக்கணும்? யூனிட் எழுதாம கணக்கு போட்டா இப்படித்தான்.

கடைசிபெஞ்ச்: 8/27-ஐ தூக்கிட்டு வெறும் ஏ/ஆர்பி போடு ப்ரோ

நந்து: அது பாயில் டெம்பரேச்சர் ப்ரோ, கேஸ் கிட்டத்தட்ட ஐடியல் கேஸ் மாதிரி நடந்துக்கிற டெம்பரேச்சர், குழப்பாதீங்க

தூக்கமில்லா_பிளஸ்1: சாரி சார். கார்பன் டை ஆக்சைடு. ஏ 3.640, பி 0.04267, ஆர் 8.314

நந்து: பி லிட்டர்ல இருக்கு, 8.314 ஜூல் கணக்கு. 0.0821 போடு தம்பி

தூக்கமில்லா_பிளஸ்1: 308 வருதுக்கா, புக்ல 304. ரவுண்டிங்கா?

ரிட்டயர்டு_வாத்தி: ரவுண்டிங்ல நாலு டிகிரி போகுமா? 3.640 பார்ல குடுத்தது, 0.0821 அட்மாஸ்ஃபியருக்கு. ஒண்ணு ஆர் 0.08314 போடு, இல்ல ஏ 3.592 போடு. ரெண்டுலயும் 304 வரும். வரலன்னா தான் அதிசயம், ஏ, பி ரெண்டையுமே டிசி, பிசி (கிரிட்டிக்கல் பிரஷர்) ரெண்டுல இருந்து தான் எடுக்கிறாங்க. விசி (கிரிட்டிக்கல் வால்யூம்) போட்டுப் பாரு, 3பி 128 மில்லி வரும், நிஜத்துல 94 தான். அங்க ஈக்குவேஷனோட வண்டவாளம் தெரிஞ்சிடும்.

மீன்குழம்பு: 304னா 31 டிகிரி தானே, அப்ப சென்னை மே மாச வெயில்ல கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டருக்குள்ள லிக்விடே இருக்காதா??

கடைசிபெஞ்ச்: எங்க வீட்டு எல்பிஜி சிலிண்டர் மொட்டமாடில தான் கிடக்கு, ஆட்டினா தளும்புதே

நந்து: எல்பிஜில இருக்கிற புரோப்பேனுக்கே டிசி 97 டிகிரி, அதான் தளும்புது. இது வேற

கடைசிபெஞ்ச்: அதெப்படி, பிரஷர் ஏத்தினா எல்லாம் லிக்விட் ஆகித்தானே தீரணும்

ரிட்டயர்டு_வாத்தி: 1869லயே ஆண்ட்ரூஸ்ங்கிற விஞ்ஞானி இதே கார்பன் டை ஆக்சைடை வெச்சு, 31 டிகிரிக்கு மேல ஆகாதுன்னு காட்டிட்டார். நீங்க மொட்டமாடில நின்னு மறுக்கிறீங்க.

தூக்கமில்லா_பிளஸ்1: 304.02 வந்துருச்சு 🙏 தூங்கப் போறேன்

மீன்குழம்பு: அப்ப வெயில்ல அந்த சிலிண்டர்ல கேஸ் குறைஞ்சா எப்படித் தெரியும், முள்ளு காட்டுமா?

நந்து: அதுல மீட்டரே இருக்காதுண்ணா. எங்க ஆபீஸ்ல வர்றவர் தராசுல தூக்கி வெச்சு எடை பாத்துட்டு சீட்டு ஒட்டிட்டுப் போவார்