ஹெட்லைட் டூம் மஞ்சளாகிவிட்டது, தேய்ப்பதா மாற்றுவதா?

கரிசல்காட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2012 மாடல் டீசல் ஹேட்ச்பேக். வீட்டில் ஷெட் கிடையாது, வாங்கிய நாளிலிருந்து கோவில்பட்டி வெயிலில்தான் நிற்கிறது. ஹெட்லைட் டூம் இரண்டும் பழைய பிளாஸ்டிக் குடம் மாதிரி மஞ்சளாகி, கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. போன வாரம் ராத்திரி தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் வழியாகத் திரும்பும்போது, ரோட்டோரம் லைட் இல்லாமல் நின்ற டிராக்டர் டிரெய்லர் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரம்மா அதற்கப்புறம் வீடு வரும்வரை பேசவே இல்லை.

இதுவரை செய்தது இரண்டு. ஆறு மாதம் முன்பு மெக்கானிக் சொன்னார் என்று 100/90 வாட் பல்பு (ஹை பீம் 100, லோ பீம் 90) மாற்றினேன், பெரிய வித்தியாசம் இல்லை. (இடது பக்கம் ஒரே மாதத்தில் ஃபியூஸ் போனது, கடையில் சாதா பல்பு கொடுத்தார்கள், அதுதான் இன்னும் ஓடுகிறது.) அப்புறம் வீடியோ பார்த்து டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தேன். அன்றைக்கு ஜோராக இருந்தது, மூன்று வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. புது டூம் ஜோடி 9,000 சொல்கிறார்கள். வீட்டிலேயே தேய்த்தால் நிற்குமா, வெட்டி வேலையா?

ராத்திரி சவாரி:
சார், நான் டாக்சி ஓட்டுகிறேன். ஒவ்வொரு எஃப்சிக்கு (வண்டித் தகுதிச் சோதனை) முந்தின நாளும் டூத்பேஸ்ட்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்கும்வரை பளிச்சென்று இருக்கும், அது போதும். நீங்கள் கேட்பது ரோடு தெரிய, அதற்கு இது ஆகாது.

பெயிண்ட் பட்டறை:
தம்பி, முதலில் அந்த 100/90 பல்பைக் கழற்றுங்கள். உங்கள் வண்டிக்கு உள்ளது 60/55 வாட் எச்4 ரக பல்பு. பல்பு வெளிச்சம் தராமல் இல்லை, தருகிற வெளிச்சம் டூமில் மோதிச் சிதறுகிறது. கொடைக்கானல் பனியில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளையாகச் சுவர் எழும்புமே, அதே கதை. பெரிய பல்பு போட்டால் எதிரில் வருகிறவனுக்குக் கண் கூசும், உங்களுக்கு ரோடு தெரியாது. போதாததற்குச் சூடு வேறு, ரிலே (பல்புக்குத் தனி ஒயரில் கரண்ட் தரும் சுவிட்ச்) இல்லாமல் மாட்டியிருந்தால் பல்பு ஹோல்டர் இளகும்.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் ஹெட்லைட் நிஜக் கண்ணாடி. கல் பட்டால் உடையும், ஆனால் நிறம் மாறாது. இப்போது வருவது பாலிகார்பனேட். லேசு, சுலபத்தில் உடையாது, வேண்டிய வடிவத்துக்கு வார்க்கலாம், ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகவே ஆகாது. அதனால்தான் கம்பெனியிலேயே மேலே மெல்லிசாக ஒரு கோட்டிங் போட்டு அனுப்புகிறார்கள். பத்து வருஷ வெயிலில் அது செத்து உரிய ஆரம்பிக்கும், அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகும். டூத்பேஸ்டில் இருப்பது மெல்லிய உராய்வுத் தூள். மேலாக இருப்பதைச் சுரண்டும், போன கோட்டிங்கைத் திருப்பித் தராது. மூன்று வாரம்தான் நின்றது என்றால் அதனால்தான்.

தேய்க்க உப்புத்தாள் வாங்கும் முன் ஒரு சோதனை. டூமைக் கழுவிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றுங்கள், ஈரமாக இருக்கும்போதே உள்ளே எட்டிப் பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளியேதான், தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் கலங்கலாக இருந்தால் ஒன்று உள்பக்கம் படிந்திருக்கிறது, இல்லை பிளாஸ்டிக்குக்குள்ளேயே நூல் நூலாக வெடிப்பு. அதற்கு எத்தனை நாள் தேய்த்தாலும் பலன் இல்லை.

தேறும் என்றால், சுற்றி இருக்கும் பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். கை ஒரு தடவை வழுக்கினால் பானெட் பெயிண்ட் போச்சு. 800, 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைஸ்) பத்து நிமிடம் ஷாம்பு தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் தடம் பள்ளமாக விழும், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடியுங்கள். 800ஐ இடம் வலமாக, 1000ஐ மேலும் கீழுமாக. அப்போதுதான் முந்தைய கோடு முழுக்கப் போனதா என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், காயவிட்டால் கீறும்.

வெறும் காம்பவுண்டில் (தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை) முடிப்பதானால் 1500, 2000, 3000 என்று ஏறிக்கொண்டே போய் ரப்பிங் காம்பவுண்ட் போட்டு பனியன் வேஸ்டால் துடைத்தால் கண்ணாடி மாதிரி வரும். வரும், ஆனால் வெயிலுக்கு அது அம்மணம், சில மாதத்தில் மறுபடி மஞ்சள். நிற்க வேண்டும் என்றால் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடியுங்கள். அப்படியானால் 1000க்கு மேல் போகவே வேண்டாம், பளபளப்பாக்கினால் கிளியருக்குப் பிடிப்பு இருக்காது. காம்பவுண்ட், வாக்ஸ் எதுவும் படக்கூடாது.

தெற்குவாசல்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்தால் நொடியில் தெளியும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது, அதை நம்பி என் மச்சான் அடித்தான். தெளிந்தது உண்மைதான். அதில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைத்து இளக்கிவிடுகிறது, அந்தப் பளபளப்பு அதுதான். ரெண்டு நாளில் பிசுபிசுவென்று ஆகி, ரோட்டுப் புழுதியெல்லாம் அதில் ஒட்டி, முன்பைவிட மோசம். வழிந்த இடத்தில் பம்பர் பெயிண்டும் போனது. தின்னர், பெட்ரோல் பக்கமும் போகாதீர்கள், பாலிகார்பனேட் சிலந்திவலை மாதிரி வெடித்துவிடும்.

கரிசல்காட்டான்:
தண்ணீர் சோதனை செய்தேன், இரண்டும் ஈரத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் மங்கல் போலத் தோன்றுகிறது, என் கண்ணாகவும் இருக்கலாம். பட்டறை அண்ணே, 800இல் எப்போது நிறுத்துவது? கிளியரை நானே அடிக்கலாமா?

பெயிண்ட் பட்டறை:
வழிகிற தண்ணீரைப் பாருங்கள். முதலில் மஞ்சளாகப் பால் மாதிரி இறங்கும், அது செத்த கோட்டிங்கும் மஞ்சளான பிளாஸ்டிக்கும். போகப் போக வெறும் வெள்ளையாக வரும். அப்போது துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால் முழுக்க ஒரே மாதிரி பாத்ரூம் கண்ணாடி போல மங்கலாக இருக்க வேண்டும். நடுநடுவே வரைபடம் மாதிரி திட்டுத் திட்டாகப் பளபளத்தால் பழைய கோட்டிங் இன்னும் இருக்கிறது, தொடருங்கள். இந்தக் கட்டத்தில்தான் எல்லோரும் பயந்துபோய் போன் பண்ணுவார்கள், "அண்ணே, இருந்ததும் போச்சு" என்று. தண்ணீர் தெளித்துப் பாருங்கள், தெளியும். கிளியர் அடித்த பிறகு அப்படித்தான் இருக்கும்.

கிளியர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். நல்லது 2கே கிளியர், அதாவது ஹார்ட்னர் கலந்து அடிப்பது. ஆனால் அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை இல்லை. தேய்ப்பதை நீங்கள் செய்யுங்கள், டூம்களைக் கழற்றித் தெரிந்த பெயிண்டரிடம் கொடுங்கள். வேறு வண்டிக்கு கிளியர் அடிக்கும்போது ஸ்ப்ரே கன்னில் மிஞ்சுவதிலேயே அடித்துத் தருவார், டீக்காசுக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும். மழை ஈரத்தில் மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள், வெள்ளை பூத்துவிடும். திரும்ப மாட்டியதும் சுவருக்கு நேராக நிறுத்தி இரண்டு பக்கமும் பீம் ஒரே உயரத்தில் விழுகிறதா பாருங்கள்.

வண்டிப் பித்தன்:
ஸ்டிக்கர் கடையில் பிபிஎஃப் என்று தெளிவான ஃபிலிம் கிடைக்கும், தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு அதை ஒட்டலாம். மங்கினால் உரித்துவிட்டு வேறு ஒட்டினால் போயிற்று. கிளியருக்குக் காத்திருக்கிற பொறுமை எனக்கு இல்லை.

பெயிண்ட் பட்டறை:
அதுவும் சரிதான். ஓரம் நன்றாக ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன், பம்பர் கழற்றவே ஒன்பதாகிவிட்டது, ஒரு கிளிப் உடைந்தது. தேய்க்க ஒரு டூமுக்கு முக்கால் மணி நேரம். அண்ணே சொன்ன மாதிரி மஞ்சள் தண்ணீர் இறங்கி, வெள்ளையாகி, பாத்ரூம் கண்ணாடி ஆனது. நானும் பயந்தேன், போன் நம்பர் இல்லாததால் பண்ணவில்லை. எங்கள் தெருமுனைப் பெயிண்டர் ஒரு வேனுக்கு அடிக்கும்போது சேர்த்து அடித்துக் கொடுத்தார், 300 வாங்கினார்.

இடது டூம் புதுசு மாதிரி. சாயங்காலம் மாட்டிச் சுவரில் அடித்துப் பார்த்தேன், வெளிச்சம் மேலே முடிகிற வெட்டுக்கோடு தெளிவாக விழுகிறது, இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு கோடு இருப்பதே எனக்குத் தெரியாது. வலதுதான் சிக்கல். பிளாஸ்டிக் தெளிந்துவிட்டது, தெளிந்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரிகிறது. 100/90 பல்புக்கு நேர் மேலே ரிஃப்ளெக்டரில் (வெளிச்சத்தை முன்னே திருப்பும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணம்) அரை ரூபாய் அகலத்துக்கு வெள்ளி போய்ப் புகை பிடித்த பாத்திர அடி மாதிரி இருக்கிறது, ஹோல்டரும் பழுப்பு. சாதா பல்பு மாட்டிவிட்டேன், ஆனாலும் இடதில் பாதிதான் வெளிச்சம். இடது பக்கம் அன்றைக்கு ஃபியூஸ் போனதுதான் பிழைத்திருக்கிறது போல. இந்த மாடலுக்கு வலது பக்க டூம் மட்டும், ரிஃப்ளெக்டர் நல்லதாக, வெளியே மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, யாரிடமாவது பழசு கிடந்தால் சொல்லுங்கள். தேய்க்கத்தான் தெரியுமே.