கைடின் எச்-இண்டெக்ஸ் 31ஆ, 19ஆ? எதை நம்புவது?

கயல்_மைக்ரோ:
எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு பிஎச்.டிக்கு கைடு தேடிக்கொண்டிருக்கிறேன். தொற்றுநோய்ப் பிரிவில் ஒரு பேராசிரியரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்கிறார்கள், ஆனால் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எச்-இண்டெக்ஸ் அவருக்கு கூகுள் ஸ்காலரில் 31, ஸ்கோப்பஸில் 19 என்று இருக்கிறது, இரண்டுமே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிற தளங்கள்தான். கட்டுரை எண்ணிக்கையும் ஒன்றில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரே ஆளுக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம் வரும்? நாலைந்து வருஷம் போகிற விஷயம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூலகத்திலிருந்து:
இரண்டுமே பொய்யில்லை கயல், எண்ணுகிற இடம்தான் வேறு. மற்ற கட்டுரைகளில் குறைந்தது 19 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 19 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 19, அவ்வளவுதான் கணக்கு. 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் கொண்டுவந்த முறை இது. ஸ்கோப்பஸ் தான் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டவற்றை மட்டும் எண்ணும், பெரும்பாலும் ஜர்னல்கள். ஸ்காலர் இணையத்தில் கிடைக்கிற தீசிஸ், ஜர்னலில் வருமுன்பே இணையத்தில் போடுகிற பிரீபிரிண்ட், கான்ஃபரன்ஸ் சுருக்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், அதனால் அங்கே எண் பெரும்பாலும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அது பெயர். ஜர்னல் 'சர்நேம்' கேட்கும், நமக்கு அது கிடையாது. ஆர். செந்தில்குமார் என்பவர் ஒரு கட்டுரையில் செந்தில்குமார் ஆர் ஆகவும், அடுத்ததில் அப்பா பெயரைச் சேர்த்து செந்தில்குமார் ராமசாமி ஆகவும் இருப்பார். மேற்கோள் காட்டுபவர் 'ராமசாமி எஸ்' என்று போடுவார், பெருமை அப்பாவுக்குப் போய்விடும். ஸ்கோப்பஸ் இதை இரண்டு மூன்று ஆளாகப் பிரித்து வைத்திருக்கும். உங்கள் பேராசிரியருக்கும் இன்னொரு புரொஃபைல் இருக்கிறதா என்று இனிஷியலை மாற்றிப் போட்டுத் தேடுங்கள். அப்புறம், முதல் கட்டுரை அனுப்பும் முன்பே ஆய்வாளரைப் பெயர் குழப்பமில்லாமல் அடையாளம் காட்டுகிற ஆர்கிட் எண் ஒன்றை நீங்கள் வாங்கிவிடுங்கள், 16 இலக்கம், இலவசம். பெயரை எப்படி எழுதப்போகிறீர்கள் என்று ஒரு தடவை முடிவு செய்தால் கடைசிவரை மாற்றாதீர்கள்.

வார்டுமருத்துவர்:
எண் எவ்வளவு என்பதைவிட அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மருத்துவத்தில் சிகிச்சை வழிகாட்டிகளுக்கும் ரெவ்யூ கட்டுரைகளுக்கும் மேற்கோள் குவியும், ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிற கேஸ் ரிப்போர்ட்டை யாரும் சீண்ட மாட்டார்கள். உலக நோய்ச்சுமை ஆய்வுகள் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வரும்போது நூற்றுக்கணக்கானவர்கள் ஆத்தர், அத்தனை பேர் கணக்கிலும் முழு மேற்கோளும் ஏறும். மேற்கோள் என்றாலே பாராட்டு என்றும் நினைக்க வேண்டாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை 2010ல் திரும்பப் பெறப்பட்டது, ஆனாலும் அதன் மேற்கோள் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் நிற்கிறது, அதில் பெரும்பகுதி அதை மறுத்து எழுதியவர்கள் போட்டது.

என் யோசனை இது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடுகிற பப்மெட் தளத்தில் அவருடைய கடந்த ஐந்து வருஷக் கட்டுரைகளைத் திறந்து ஆத்தர் வரிசையை மட்டும் படியுங்கள். நம் துறையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. அவர் பெயர் கடைசியிலும் மாணவர் பெயர் முதலிலும் இருந்தால் நல்ல இடம். எல்லாவற்றிலும் நடுவில் பன்னிரண்டாவது பெயராக இருந்தால் லேபில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு துறையில் பதவி உயர்வு நெருங்கினால் போதும், கிட்டப் போகாதவர்கள் பெயரெல்லாம் ஆத்தர் வரிசையில் ஏறும். ராத்திரி பகலாக சாம்பிள் எடுத்த பெண்ணின் பெயர் நன்றியுரையில் இருந்தது. அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சேத்துப்பட்டுவாசி:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1956ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், இன்றைக்கு சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். நோயாளியை சானடோரியத்தில் ஒரு வருஷம் படுக்க வைப்பதும், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுப்பதும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போதிய சாப்பாடில்லாத, நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானது, கூட இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை ஆஸ்பத்திரிப் படுக்கையை விட்டு வெளியே வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்த அந்தக் கட்டுரை தொண்ணூறு பக்கத்துக்கு மேல், ஆத்தர் இடத்தில் மையத்தின் பெயர்தான் இருக்கிறது. நோயாளி வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்த செவிலியர்கள், சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள், யாருடைய எச்-இண்டெக்ஸிலும் இது ஒரு புள்ளி கூட ஏற்றாது. ஆனால் இதைவிடப் பெரிய வேலையை நம் ஊரிலிருந்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கயல்_மைக்ரோ:
எல்லோருக்கும் நன்றி. பப்மெட்டில் பார்த்தேன், பாதிக்கு மேல் அவர் கடைசிப் பெயர், முதலில் இருப்பவர்கள் அவருடைய மாணவர்கள்தான். ஸ்கோப்பஸில் அப்பா பெயரில் இன்னொரு புரொஃபைலும் கிடைத்தது, அதில் ஒரு டஜன் கட்டுரை கிடக்கிறது!

நூலகத்திலிருந்து:
அப்படியானால் 19 என்பதே குறைவான கணக்காக இருக்கலாம். இரண்டையும் இணைக்கச் சொல்லி ஸ்கோப்பஸுக்கு அவரே எழுதலாம், காசு கிடையாது.

வார்டுமருத்துவர்:
சரி, இப்போது அந்த மாணவர்களில் ஒருவருக்கு மெயில் போடுங்கள். டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருவார், ஆத்தர் வரிசையை வேலை தொடங்கும்போதே பேசிவிடுவாரா, இந்த இரண்டையும் கேளுங்கள். படித்து முடித்து வெளியே போனவராக இருந்தால் மனம்விட்டுச் சொல்வார்.