பீசி கால்குலேட்டரில் 5 சென் கணக்கு, மைனஸ் வந்தால் தப்பாகிறது

வணக்கம். பினாங்கில் அப்பாவின் மளிகைக் கடைக் கணக்குக்காக, லினக்ஸ் டெர்மினலில் ஓடும் பீசி (bc) கால்குலேட்டரில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதி வருகிறேன். எத்தனை இலக்கம் கேட்டாலும் தருகிறது என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

2008 முதல் இங்கே ரொக்க பில்லைக் கிட்டத்து 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம் அல்லவா, அதற்கு ஒரு ஃபங்ஷன். தொகையை 20ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, ஸ்கேலை, அதாவது வகுக்கும்போது வைக்கும் தசம இலக்கங்களின் எண்ணிக்கையை, 0 ஆக்கி 1ஆல் வகுக்கிறேன். பிறகு ஸ்கேலை 2 ஆக்கி 20ஆல் வகுக்கிறேன். 1.03 வெள்ளி (ரிங்கிட்) சரியாக 1.05 ஆகிறது. ஆனால் யாராவது சாமானைத் திருப்பித் தந்து மைனஸ் 1.03 போட்டால், மைனஸ் 1.05க்குப் பதில் மைனஸ் 1.00 வருகிறது! பீசி தசமத்தை அப்படியே வெட்டிவிடுவதுதான் காரணம். மைனஸுக்கு 0.5ஐக் கழிக்க இஃப் போடலாம். அதைவிடச் சுருக்கமான வழி உண்டா?

அப்புறம், ஸ்கேல் புரோகிராம் முழுவதற்கும் பொது. ஃபங்ஷன் முடிந்ததும் என் வட்டிக் கணக்கும் 2 தசமத்தில் நின்றுவிடுகிறது. பழைய மதிப்பை ஆட்டோ மாறியில் (ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் மாறி) வைத்து, திரும்பும் முன் மீட்கிறேன். நீங்களும் இப்படித்தான் செய்கிறீர்களா? பழகியவர்கள் உங்கள் ஃபங்ஷனைப் போட்டால் பெரிய உதவி. மாதக் கணக்கை முடிக்க வேண்டும்.