புதுப்பிப்பு: ஊட்டி வீட்டு சிங்க் வேலை முடிந்தது

சமையலறை சிங்கை ஜன்னல் பக்கம் மாற்றுகிறேன், தண்ணீர் லைனையும் கழிவுக் குழாயையும் நானே போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாயிற்று, ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பதில் சொன்னவர்கள் அதிகம் பயந்தது சுடுதண்ணீர் லைனுக்குத்தான். கீசரிலிருந்து வருவதற்கு சிபிவிசி குழாய் போட்டேன். அது 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். பசையும் சிபிவிசிக்கு உரியதாகவே இருக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்: குளிரிலும் ஈரத்திலும் பசை மெதுவாகத்தான் இறுகும். டப்பாவில் குளிருக்கென்று போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்து, அதற்கு மேலும் காயவிட்டுத்தான் தண்ணீரைத் திறந்தேன். தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கழிவுக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தேன். சிங்குக்குக் கீழே டிராப் என்கிற வளைந்த குழாய் கட்டாயம் வேண்டும். அதன் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது. அப்புறம், மரை இணைப்புகளில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்றுங்கள்.

வெளிச்சுவரில் போகும் லைனுக்கு ஃபோம் உறை மட்டும் பாக்கி. டிசம்பர் உறைபனிக்கு முன்னால் போட்டுவிடுவேன்.