ஸ்மாக்ஸ் 0723: ஒரே கேலக்ஸியின் இரண்டு பிம்பங்கள், நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. உதவி தேவை

கீற்று:
வணக்கம். முதுகலை ப்ராஜெக்டுக்காக, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022இல் எடுத்த ஸ்மாக்ஸ் 0723 கேலக்ஸிக் கொத்தின் ஃபிட்ஸ் கோப்புகளை (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்திலிருந்து இறக்கினேன். தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமராவான நிர்கேமின் 0.9, 2, 4.4 மைக்ரான் படங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று பைத்தானில் அடுக்கினால் சிவப்பு மட்டும் எங்கோ போய் உட்காருகிறது.

இன்னொன்று. கொத்தைச் சுற்றி வளைந்து தெரியும் கீற்றுகளில் இரண்டு, ஒரே கேலக்ஸியின் பிம்பங்கள் என்று நினைக்கிறேன். இரண்டிலும் மூன்று ஒளிப்பொட்டுகள். ஆனால் ஒன்றில் பெரிய பொட்டு இடக்கோடியில், மற்றதில் வலக்கோடியில். தனித்தனிப் படத்தில் அளந்தாலும் ஒன்று நீலம், மற்றது மஞ்சள் சாயல். ஈர்ப்பு லென்ஸ், அதாவது கொத்தின் ஈர்ப்பு பின்னாலுள்ள கேலக்ஸியின் ஒளியை வளைப்பது, நிறம் பிரிக்காது என்றுதானே படித்தோம்? இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

நிலாமுற்றம்:
முதலில் அடுக்கல். நிர்கேமில் குறுஅலைப் பிக்சல் சுமார் 0.031 வில்நொடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கே வில்நொடி), நெடுஅலைப் பிக்சல் 0.063. அதாவது உங்கள் 4.4 மைக்ரான் படம் பக்கத்துக்குப் பாதி அளவுதான் இருக்கும். பிக்சல் எண்ணை நம்பி அடுக்காதீர்கள். ரீப்ராஜெக்ட் நிரலால் மூன்றையும் வான ஆயங்களின்படி ஒரே கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்தக் கோப்புகளில் இருப்பது பரப்பொளிர்வு (வானத்தின் ஓரலகுப் பரப்புக்கான ஒளி), அதனால் மதிப்பு கெடாது.

பொட்டுகள் திரும்பியிருப்பது நல்ல செய்தி தம்பி! லென்ஸின் மாறுநிலைக் கோட்டுக்கு (பிம்பங்கள் மிகப் பெரிதாகும் எல்லைக்கோடு) இருபுறமும் விழும் பிம்பங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித்தான் வரும். உங்கள் ஊகத்துக்கு அது பலமான சான்று.

கீற்று:
நன்றி அக்கா, அடுக்கல் சரியாகிவிட்டது. மஞ்சள் மட்டும் போகவில்லை. அந்தக் கீற்று ஒரு பெரிய நீள்வட்டக் கேலக்ஸியை ஒட்டியே இருக்கிறது.

நிலாமுற்றம்:
அதுதான் விஷயம். அந்த நீள்வட்டம் கொத்தைச் சேர்ந்தது, முதிய விண்மீன்கள் நிறைந்தது. அதன் மங்கலான ஒளி நெடுந்தூரம் பரவிக் கீற்றின்மேல் படிகிறது. லென்ஸ் நிறத்தை மாற்றவில்லை, முன்னால் நிற்பது தன் நிறத்தைப் பூசுகிறது.

வானியல் படங்களைப் பார்க்கும் டிஎஸ்9 மென்பொருளில் திறந்து, அந்த நீள்வட்டத்தின் மையத்திலிருந்து கீற்று இருக்கும் அதே தூரத்தில், நேர் எதிர்ப்பக்கம் வேறெதுவும் இல்லாத இடமாகப் பார்த்து ஒளியை அளந்து, ஒவ்வொரு ஃபில்டரிலும் கழியுங்கள். அளவு வட்டத்தைச் சிறிதாக வைக்காதீர்கள், 4.4 மைக்ரானில் ஒரு புள்ளியே சுமார் 0.14 வில்நொடிக்குப் பரவும், 0.9இல் அவ்வளவு பரவாது.

தெற்குவானம்:
இடையில் ஒரு சந்தேகம். இரண்டு பிம்பங்களின் ஒளியும் வேறு வேறு பாதையில் வருகிறதே, ஒன்று பழைய கோலம், மற்றது புதிய கோலம் என்பதால் நிறம் மாறியிருக்கலாமா?

நிலாமுற்றம்:
தாமதம் உண்மைதான். ரெஃப்ஸ்டால் சூப்பர்நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். வேறொரு கேலக்ஸிக் கொத்தின் பின்னால் இருந்த அது, 2014 நவம்பரில் ஹபிள் படத்தில் நான்கு பிம்பங்களாகத் தெரிந்தது. அந்தக் கொத்திலேயே இன்னோர் இடத்திலும் அது வரும் என்று லென்ஸ் மாதிரிகளை வைத்துக் கணித்து, ஹபிளால் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 டிசம்பரில் வந்தது! எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் சூப்பர்நோவா சில மாதங்களில் மங்கிவிடும். ஒரு முழுக் கேலக்ஸியின் நிறம் சில ஆண்டுகளில், ஏன், நூற்றாண்டுகளில்கூட மாறாது. இங்கே அது காரணமில்லை.

கீற்று:
கழித்துப் பார்த்தேன். 2க்கும் 4.4க்கும் உள்ள ஒளி விகிதம் இரண்டு கீற்றிலும் பிழை வரம்புக்குள் ஒன்றாகவே வருகிறது! 0.9இல் மட்டும் இரைச்சல் அதிகம், அதைத் தனியாகப் பார்க்கிறேன். ஒரே கேலக்ஸி என்று எழுதிவிடலாமா?

நிலாமுற்றம்:
"ஒரே கேலக்ஸியாக இருக்க வாய்ப்பு அதிகம்" என்று எழுதுங்கள். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) ஒன்றுதான் என்று நிறமாலை காட்டினால்தான் அடித்துச் சொல்ல முடியும். அதே படத்தில் ஸ்பார்க்ளர் என்ற கேலக்ஸி மூன்று பிம்பங்களாக இருக்கிறது, செம்பெயர்ச்சி 1.38. உங்கள் முறையை முதலில் அதில் ஓட்டி, மூன்றும் ஒரே நிறம் காட்டுகிறதா பாருங்கள். காட்டினால் உங்கள் கீற்றுகளின் அளவையும் நம்பலாம்.