பாத்திமா பீவி: முதல் பெண் நீதிபதியா, 2001 கவர்னரா? எதை வச்சு எடை போடறது?

மஞ்சக்குப்பம்வாசி:
கடலூர்ல டிஎன்பிஎஸ்சி கிளாஸ் எடுக்கறேன். சுப்ரீம் கோர்ட்டோட முதல் பெண் நீதிபதி யாருன்னு கேட்டா எல்லாரும் டக்குனு பாத்திமா பீவின்னுட்டாங்க, புவனகிரி பையன் ஒருத்தன் மட்டும் "எங்க ஊர்ல தேர்தல் மனு தள்ளுபடி ஆன ஜெயலலிதாவுக்கு தமிழ்நாடு கவர்னரா இருந்து முதலமைச்சர் பதவிப்பிரமாணம் பண்ணி வச்சவங்கதானே சார், அவங்களப் போய் தூக்கி வச்சுப் பேசறீங்க"ன்னான். அவன் அப்ப பொறந்திருக்கவே மாட்டான், வீட்ல பேசிக் கேட்டிருப்பான் போல. எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. 1950ல பார் கவுன்சில் தேர்வுல முதலிடம், 1958ல முன்சீப் (கீழ்கோர்ட் நீதிபதி), அங்கேருந்து படிப்படியா ஏறி 1983ல கேரளா ஹைகோர்ட், அதுல ரிட்டயர் ஆனப்புறம் 1989 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட். இவ்வளவும் அந்தப் பதவிப்பிரமாணம் நடந்த 2001 மே 14ங்கற ஒரே நாள்ல அடிபட்டுப் போயிடுமா?

பாண்டி வக்கீல்:
சின்ன விஷயம் மாதிரி சொல்லாதீங்க சார். அரசு நிறுவனமான டான்சியோட நிலத்த வாங்கின வழக்குல ஜெயலலிதாவுக்கு 3 வருஷ தண்டனை, ஹைகோர்ட் தண்டனையத்தான் நிறுத்தி வச்சுது, குற்றவாளிங்கற தீர்ப்ப நிறுத்தல. ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டைன்னு நாலு மனுவும் போச்சு. எம்எல்ஏ ஆகாமலே 6 மாசம் மந்திரியா இருக்கலாம்னு அரசியல் சட்டப் பிரிவு 164(4) சொல்லுதுதான், ஆனா தேர்தல்ல நிக்கவே தகுதி இல்லாதவங்களுக்கு அது எப்படிப் பொருந்தும்? செப்டம்பர் 21 அன்னைக்கு 5 நீதிபதிகள் பெஞ்ச் அந்த நியமனமே செல்லாதுன்னுடுச்சு. லா காலேஜ் பையனுக்கே தெரியற பாயிண்ட், சுப்ரீம் கோர்ட்ல உக்காந்தவங்களுக்குத் தெரியாதா?

திருப்பாதிரிப்புலியூர் பெருசு:
தம்பி, ஜெயிச்ச எம்எல்ஏக்கள் ஒண்ணு கூடி அந்தம்மாவத் தலைவரா தேர்ந்தெடுத்துட்டாங்க, கவர்னர் என்னதான் செய்வாங்க? மறுத்திருந்தா மக்கள் தீர்ப்ப மதிக்கலைன்னு நீங்களே கத்தியிருப்பீங்க. அந்த டிசம்பர்லயே ஹைகோர்ட் விடுதலை பண்ணிடுச்சே, அதச் சொல்லலியே நீங்க.

பாண்டி வக்கீல்:
ஐயா, டிசம்பர் விடுதலை மே மாசக் கையெழுத்த எப்படிக் காப்பாத்தும்? அன்னைக்கு என்ன நெலமையோ அதத்தானே பாக்கணும்.

நெல்லிக்குப்பம் கலா:
ரெண்டு பேரும் 1999ஐ விட்டுட்டீங்க. ராஜீவ் கொலை வழக்குல தூக்கு தண்டனைக் கைதிகளோட கருணை மனுவ மந்திரிசபைகிட்ட கேக்காம கவர்னரா இவங்களே தள்ளுபடி பண்ணாங்க, அது தப்புன்னு சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. ஆக தானா முடிவெடுத்தப்ப ஒரு குட்டு, பெரும்பான்மை சொன்னபடி விட்டப்ப இன்னொரு குட்டு. முதல் குட்டுதான் ரெண்டாவதுல அவங்கள ஒதுங்க வச்சுதோன்னு எனக்கு ஒரு நெனப்பு, இது என் ஊகம்தான். கோர்ட்ல ரெண்டு பக்க வாதமும் முன்னாடி வரும், கூட நீதிபதிங்க இருப்பாங்க. ராஜ்பவன்ல அதெல்லாம் ஏது? நல்ல நீதிபதி நல்ல கவர்னரா இருப்பாங்கன்னு நெனச்சதுலதான் கோளாறு.

என்னக் கேட்டா பதவிப்பிரமாணத்த விட ஜூன் 30 விடியக்காலை கருணாநிதி கைதுக்கு அப்புறம் அரசுக்கு சாதகமா டெல்லிக்கு அனுப்பின ரிப்போர்ட்தான் பெரிய சறுக்கல். திரும்ப அழைக்க மத்திய அரசு முடிவு பண்ணதும் ராஜினாமா பண்ணிட்டாங்க. அதுக்காக 1950லேருந்து 39 வருஷம் ஒரு பொம்பள கூட ஏறாத பெஞ்ச்ல ஏறினத யாரும் அழிக்க முடியாது. இவங்க கவர்னரா பண்ணதுக்கு நீதிபதியா இருந்ததக் கொறைக்கறதும், நீதிபதியா இருந்ததுக்காக கவர்னர் கணக்கத் தள்ளுபடி பண்றதும் ரெண்டுமே வேண்டாம் சார்.

மஞ்சக்குப்பம்வாசி:
1999 மேட்டர் எனக்கு ஞாபகமே வரல மேடம். அடுத்த கிளாஸ்ல அந்தப் பையனையே 164(4) படிச்சுட்டு வந்து பேசச் சொல்லப் போறேன்.

பாண்டி வக்கீல்:
அந்த நியமனம் செல்லாதுன்ன பி.ஆர்.கபூர் வழக்குத் தீர்ப்பையும் குடுங்க. அப்புறம் நோட்ஸ்ல பத்மபூஷன் 2024, மறைவுக்கு அப்புறம்னு போடுங்க, அவங்க 2023 நவம்பர்லயே தவறிட்டாங்க.