காது மெஷின் மோல்டும் விடாத பூஞ்சையும்: துளை அளவு தெரிஞ்சவங்க சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கல்லிடைக்குறிச்சியில இருக்கும் எங்க மாமாவுக்கு (66 வயசு, சுகர் உண்டு) கேட்கும் மெஷின் போடுற வலது காதுல பூஞ்சை. சித்திரையில ஆரம்பிச்சது, போகுது, திரும்ப வருது.

அரிப்பு, அடைப்பு, நனைஞ்ச பேப்பர் மாதிரி அழுக்கு, அதுல கறுப்புப் புள்ளி. ராத்திரி தூங்கவிடாத வலியோ முகக் கோணலோ இல்ல. சுகர்காரங்களுக்கு அது வந்தா உடனே ஓடணும், அதான் முதல்லயே சொல்லுதேன்.

முதல்ல போட்ட ஆன்டிபயாட்டிக் சொட்டுல பூஞ்சை கூடத்தான் செஞ்சது; அது பாக்டீரியாவைக் கொன்னு பூஞ்சைக்கு இடம் விட்டுரும். பிறகு பாளையங்கோட்டையில மைக்ரோஸ்கோப் வச்சு உறிஞ்சி எடுத்து, குளோட்ரிமசோல் 1 சதவீதச் சொட்டு, அரிப்பு நின்ன பிறகும் 2 வாரம். சவ்வுல ஓட்டை இல்ல. ஆத்துக் குளிப்பு நிறுத்தியாச்சு. தலைக்கு ஊத்தும்போது வாசலின் தடவின பஞ்சு. பட்ஸ், காய்ச்சின எண்ணெய் எதுவும் கிடையாது. சுகரும் கட்டுக்குள்ளதான்.

மிச்சம் இருக்கிற சந்தேகம் மோல்டு (மெஷினோட ட்யூபை மாட்டிக் காதுக்குள்ள வைக்கிற அச்சு) மேலதான். காதுக்குப் பின்னால மாட்டுற மெஷின். காதை முழுசா அடைக்கிற சிலிகான் மோல்டு, காத்துத் துளையே இல்ல. வேர்வை உள்ளயே நிக்குது. இடது காதுல மெஷினும் இல்ல, பூஞ்சையும் இல்ல! ராத்திரி மோல்டைக் கழத்தி, சோப்புத் தண்ணியில கழுவி, ட்யூபுக்குள்ள நிக்கிற நீரை ஊதி எடுத்துக் காயவைக்கோம். மெஷின் சிலிகா ஜெல் டப்பாவுல.

துளை போட்டா சத்தம் கசிஞ்சு விசிலடிக்கும்னு மெஷின் கடையில தயங்குதாங்க. கேட்புக் குறைவு 70 டெசிபல்.

இதே அளவு குறைவுக்குத் துளை வச்ச அக்ரிலிக் (கெட்டி பிளாஸ்டிக்) மோல்டை விசில் இல்லாம போட்டுக்கிட்டு இருக்கவங்க, உங்க துளை எத்தனை மில்லிமீட்டர்?